முதலில் குடிவந்த பிரமனும் மேல்மாடிக் குழாயும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயருக்குச் சாந்தமானவன் என்று பொருள். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு அடிக்க வருவார். ஆகவே ஊரார் தங்கள் பற்களைக் காப்பாற்றிக்கொள்ளும் பொருட்டு அவரைச் சுடுதண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கு அவர் கோபப்படவில்லை. உள்ளதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வராது. இல்லாததைச் சொன்னால் வரும். பாதி சொன்னால் வரும். ஒன்றும் சொல்லாமல் சிரித்தால் கட்டாயம் வரும்.

பிறந்த குழந்தைகள் எல்லாம் அழும். இவர் அழவில்லை, திட்டினார் என்று அவருடைய அத்தை இன்றைக்கும் சாட்சி சொல்கிறார். அந்தச் சத்தத்தின் சாரம், ‘யாரைக் கேட்டு என்னை இங்கே கொண்டுவந்தீங்க?’ என்பதாக இருந்ததாம். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பெஞ்சு உடைந்து விழுந்தார். யார் பொறுப்பு என்று ஆசிரியரைக் கேட்டார். ஆசிரியர் தச்சனைக் காட்டினார். தச்சன் மரக்கடைக்காரனைக் காட்டினான். மரக்கடைக்காரன், “மழையில நனைஞ்ச மரம் தம்பி, நான் என்ன பண்ண?” என்று வானத்தைக் காட்டினான். அடுத்த மழைக்குப் பையன் தெருவில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்து அரை மணி நேரம் திட்டினான். காய்ச்சல் வந்தது. அதற்கு யார் பொறுப்பு என்று மருத்துவரைக் கேட்டான்.

இப்படிப்பட்டவர்கள் வழக்கறிஞர் ஆவார்கள், அல்லது மாமியார் ஆவார்கள். இவர் பிளம்பர் ஆனார். தாய்மாமா தொழில் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தொழிலில் ஒரே ஒரு வேத வாக்கியம்தான் உண்டு: ஈரம் தெரிகிற இடம் வேறு, ஓட்டை இருக்கிற இடம் வேறு. கூடத்துச் சுவரில் கசிந்தால் குற்றவாளி கூடத்தில் இருக்க மாட்டான். மாடிக் குளியலறையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான். சுடுதண்ணிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. வாழ்நாள் முழுக்க அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்பதற்கே கூலி கொடுக்கும் உலகம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபோது அவருக்கு வந்தது ஆனந்தம் என்று சொல்லிவிடலாம். கோபம் கலந்த ஆனந்தம்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டில் தண்ணீர் வரவில்லை.

நாலு மாடிக் கட்டிடம். மேல்மாடியில் இரண்டு அறை, வாடகைக்கு. தலைக்கு நேர் மேலே மொட்டை மாடி, மொட்டை மாடியில் தொட்டி, தொட்டி நிறையத் தண்ணீர். மோட்டார் போட்டு நிரம்பி வழியும் சத்தம் படுக்கையில் படுத்தால் கேட்கும். குழாயைத் திருகினால் மட்டும் மூக்கு ஒழுகுவதுபோல் ஒரு நூல் இறங்கும். ஒரு வாளி நிரம்புவதற்குள் சமையல் முடிந்து, சாப்பிட்டு, சண்டையும் போட்டு முடித்துவிடலாம். கீழ் மூன்று மாடிகளிலும் அருவி.

அவர் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் கவுன்டரில் வேலை பார்த்தாள். காலையில் தரைத்தளத்துக் குழாயிலிருந்து இரண்டு கையிலும் வாளி தூக்கி நாலு மாடி ஏறுவாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், “டாக்டர் ஏன் இன்னும் வரல? யார் இதுக்குப் பொறுப்பு?” என்று கத்துகிறவர்களின் முகத்தைப் பகல் முழுக்கப் பார்ப்பாள். சாயங்காலம் வீடு திரும்பினால் அங்கே அதே கேள்வியைக் கத்திக்கொண்டு கணவர் உட்கார்ந்திருப்பார்.

“ஏங்க, அங்கயாவது கண்ணாடித் தடுப்பு இருக்கு. இங்க அதுவும் இல்ல” என்றாள் ஒரு நாள்.

அடுத்து ஒரு நாள் சொன்னாள்: “எங்க அக்கா வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் பக்கம். தண்ணி வருது. மாசக் கடைசியில நான் அங்க போறேன்.”

“நான்?”

“நீங்களும் வரலாம். உங்க கோபம் வரக் கூடாது.”

“தண்ணி வரலன்னா கோபம் வராம என்ன வரும்?”

“மூணு வருஷமா கோபம்தான் வருது. தண்ணி வந்துச்சா? எனக்குத் தோள்பட்டை போச்சுங்க. ரெண்டுல ஒண்ணாவது செய்யுங்க. வாளிய நீங்க தூக்குங்க, இல்ல கத்தறத விடுங்க.”

வாளியையும் அவர் தூக்கத்தான் செய்தார். ஆனால் ஒவ்வொரு மாடிக்கும் நின்று அந்தந்த வீட்டுக் கதவைப் பார்த்துத் திட்டிவிட்டு ஏறியதால் பாதித் தண்ணீர் படியில் சிந்தியது.

இந்த இடத்தில் முதல்வீட்டாரை அறிமுகம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். எந்தக் கதையிலும் தான் முதலில் வரவில்லை என்றால் அது கதையே அல்ல என்பது அவர் கட்சி. கட்டிடம் கட்டி முடித்த புதிதில் அங்கே முதலாவதாகக் குடிவந்தவர் அவர். முதல் மாடி, தெருவைப் பார்த்த வீடு. மற்ற வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடக்க, அவரும் அவர் மனைவியும் மட்டும் பல மாதம் தனியாக இருந்தார்கள். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ‘யாராவது வந்தால் தேவலையே’ என்று பெருமூச்சு விடுவாராம். பிறகு ஒவ்வொரு குடும்பமாக வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் வாசலில் நின்று வழி காட்டினார். மீட்டர் எங்கே, குப்பை எங்கே, எந்தப் படியில் கால் இடறும் என்று சொன்னார். சில வருடங்களில் அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது: நான் நினைத்தேன், இவர்கள் வந்தார்கள். ஆகவே இவர்களை வரவழைத்தது நான். ஆகவே இந்தக் கட்டிடம் என்னால் நடக்கிறது. வந்தவர்களும் அப்படியே நம்பினார்கள். அவர்கள் வரும்போதே அவர் அங்கே இருந்தாரல்லவா!

இவரைப்போல் ஒருவர் இல்லாத அலுவலகம் இல்லை, பேருந்து இல்லை, குடும்பம் இல்லை. ஜன்னலோர இருக்கையில் முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டு, பேருந்தைத் தானே பெற்றெடுத்ததுபோல் பார்ப்பவர்கள். வேலைக்கு ஆறு மாதம் முன்னால் சேர்ந்ததைத் தவிர வேறு தகுதி இல்லாமல், “நாங்க வந்தப்போ இங்க என்ன இருந்துச்சு?” என்று ஆரம்பிப்பவர்கள். இவர்களுக்குச் சிலை வைப்பதில் தப்பில்லை; இவர்கள் மேலேயே சிமெண்டை வைத்துப் பூச வேண்டும்.

குடியிருப்போர் சங்கத்துக்கு முதல்வீட்டார்தான் தலைவர். தேர்தல் நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. மொட்டை மாடிச் சாவி அவரிடம்தான் இருந்தது. சுடுதண்ணி கேட்காத நாள் இல்லை.

“சார், சாவி குடுங்க. நான் பிளம்பர். பத்து நிமிஷத்துல பாத்துட்டு வந்துடறேன்.”

“தம்பி, தொட்டி சமாசாரத்துக்கு எனக்குன்னு ஒரு ஆள் இருக்கான், அவன் பாத்துக்குவான்.”

“அவன் எப்போ பாப்பான்?”

“இதுல பாக்க என்ன இருக்கு? மேல போகப் போகத் தண்ணி குறையும். அது இயற்கை. மலை உச்சியில ஆறு ஓடுதா?”

“யோவ்! ஆறு மலையிலதான்யா பொறக்குது!”

முதல்வீட்டார் சிரித்தார். ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். அதற்குப் பிறகு நடந்ததை மூன்றாம் மாடிக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். பூட்டை உடைக்கிறேன் என்று ரென்ச்சோடு கிளம்பியவரை மனைவி படியில் மறித்து நின்றாள். “பூட்டை உடைச்சா போலீஸ்தான் வரும், தண்ணி வராது” என்றாள்.

மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் பழைய துணிகளை ஒரு பையில் எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் அடுத்த தெருவில் இருந்த பௌத்த தியான மண்டபத்திலிருந்து கூப்பிட்டார்கள். சுவரில் கசிகிறதாம்.

மண்டபத்தை ஒரு பிக்குணி கவனித்து வந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. துறவுக்கு முன்னால் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் பத்து வருடம் உட்கார்ந்திருந்தவருக்குப் பொறுமையைத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டியிருக்கவில்லை. சுடுதண்ணியைப் பார்த்ததும், “வாங்கண்ணா, செருப்பை அங்க விடுங்க, கோபத்தை எங்க வேணும்னாலும் விடுங்க” என்றார். ஊரில் அவர் புகழ் பரவியிருந்தது.

கசிந்த சுவரில் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு பெரிய ஓவியம். நடுவில் ஒரு மலை, அதைச் சுற்றி வளையம் வளையமாக மலைகளும் கடல்களும், நாலு திசையிலும் ஒவ்வொரு தீவு. அடியில் நெருப்பும் பேய்களும். மலைக்கு மேலே அடுக்கடுக்காக மாளிகைகள். எல்லாவற்றுக்கும் மேலே கூரையை ஒட்டி நாலு பட்டை வெறும் வெள்ளையாக இருந்தன. ஈரம் அங்கேதான் இறங்கி, பழுப்பு நிறத்தில் ஏதோ உருவங்களை வரைந்துகொண்டிருந்தது.

“என்னம்மா, பெயின்டர் மேல நாலு கட்டத்தை அப்படியே விட்டுட்டு ஓடிட்டானா?”

“இல்லண்ணா, அது அருவ உலகம். அங்க இருக்கிறவங்களுக்கு உடம்பே கிடையாது. வரையறதுக்கு ஒண்ணும் இல்ல.”

“உடம்பு இல்லன்னா குளிக்க வேண்டாம். குடுத்து வச்சவங்க.”

ஏணியில் ஏறி அங்கங்கே தட்டிப் பார்த்தார். ஓட்டை இந்தச் சுவரில் இல்லை என்று வழக்கம்போல் தெரிந்தது. பின்பக்கத்துக் குளியலறையில் கலர்பொடி கரைத்து ஊற்றிவிட்டு வந்தார். இனி நிறம் எங்கே வந்து எட்டிப் பார்க்கிறது என்று காத்திருக்க வேண்டியதுதான். காத்திருப்பது அவருக்குப் பிடிக்காத வேலை. ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, “இதெல்லாம் என்ன?” என்று ஓவியத்தைப் பார்த்துக் கை நீட்டினார். குரலில் வழக்கமான மிரட்டல்.

பிக்குணி சொன்னார். மொத்தம் முப்பத்தோரு உலகங்கள். நடுவில் நிற்பது மேரு. தெற்கே இருக்கிற தீவு நாவலந்தீவு, நாம் இருப்பது அங்கே. மேருவின் மேலும் அதற்கு மேலும் தேவர்கள், அவர்களுக்கு மேல் பிரமர்கள், அவர்களுக்கு மேல் அந்த வெள்ளைப் பட்டைகள். கீழே விலங்கு, பேய், நரகம். எந்த இடமும் நிரந்தரம் இல்லை. தேவரும் ஆயுள் முடிந்தால் இறங்க வேண்டும், நரகரும் தண்டனை தீர்ந்தால் ஏறலாம்.

“இவன் யாரு? வயிறு இவ்ளோ பெருசு, கழுத்து ஊசி மாதிரி.”

“பேய் உலகம். பசி, தாகம் அடங்காது. ஆத்துக்கிட்ட தண்ணி குடிக்கப் போனா ஆறு வத்திடும்.”

சுடுதண்ணி ஏணியிலிருந்து இறங்கி வந்து அந்தப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். “இது எங்க வீடு” என்றார். “அடியில போட்டு வச்சிருக்கான். இது மேல்மாடியில இருக்கணும். பெயின்டர் தலைகீழா வரைஞ்சிட்டான்.”

“இருக்கலாம்ணா. பாக்கிறவங்க நிக்கிற இடத்தைப் பொறுத்தது.”

“சரி. யாரு கட்டினது இதை?”

“யாரும் கட்டல.”

மண்டபத்தில் தியானம் செய்துகொண்டிருந்த இரண்டு பேர் கண்ணைத் திறந்தார்கள். காரணம், சுடுதண்ணி கத்தியிருந்தார்.

“யாரும் கட்டாம எப்படிம்மா முப்பத்தோரு மாடி நிக்கும்?”

“காரணங்கள் ஒண்ணா சேர்ந்தா உண்டாகும். கலைஞ்சா அழியும். திரும்பவும் உண்டாகும்.”

“மொதல்ல எப்போ உண்டாச்சு?”

“மொதல்னு ஒண்ணு கண்டுபிடிக்க முடியலண்ணா. பின்னால போகப் போகப் போயிட்டே இருக்கு.”

“ஒரு தடவ உண்டாகி அழிய எவ்ளோ நாள் ஆகும்?”

“ஒரு கற்பத்துல நாலுல ஒரு பங்கு உண்டாக, ஒரு பங்கு இருக்க, ஒரு பங்கு அழிய, ஒரு பங்கு வெறுமையா இருக்க. ஒரு கற்பம்னா, ஒரு பெரிய கல் மலை இருக்கு. நூறு வருஷத்துக்கு ஒரு தடவ ஒருத்தர் வந்து மெல்லிசுத் துணியால ஒரு தடவ துடைச்சிட்டுப் போறார். அப்படித் துடைச்சுத் துடைச்சு அந்த மலை தேஞ்சு போனாலும் கற்பம் முடிஞ்சிருக்காது.”

“அதுக்குள்ள எங்க வீட்டுல தண்ணி வந்துடுமா?”

சிரிக்க வைப்பதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். இத்தனை நாள் அவர் கத்தியது எல்லாம் மேலே எங்கேயோ கேட்கிற காது ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். கோயிலுக்குப் போகாதவர், ஆனால் அவரைவிடப் பக்திமான் அந்தத் தெருவில் இல்லை. கும்பிடுகிறவன் எப்போதாவது கேட்பான். திட்டுகிறவன் இடைவிடாமல் நினைத்துக்கொண்டிருக்கிறான். இப்போது மொட்டைத் தலையோடு ஒரு பெண் நின்றுகொண்டு, இந்தப் பிரபஞ்சத்தில் புகார் வாங்கும் ஜன்னலே வைக்கவில்லை என்கிறாள்.

“இவ்ளோ நரகம் இருக்கு, இவ்ளோ பேய் இருக்கு, தண்ணி இல்ல, ஒருத்தரும் பொறுப்பு இல்லயா? யாரையும் கேக்க முடியாதா? எனக்கு இதுக்குத்தான்மா கோபம் வருது. செஞ்சவனைவிட, யாரும் செய்யாம எல்லாம் நடக்குதுன்னு சொல்றாங்க பாருங்க, அதுக்குத்தான்!”

“வண்டியில பிரேக் பிடிக்கல. இறக்கத்துல போயிட்டிருக்கு. வண்டிய யாரு மொதல்ல கண்டுபிடிச்சான்னு கேப்பீங்களா, ஹேண்ட் பிரேக்கைப் பிடிப்பீங்களா?”

“ரெண்டையும் பண்ணுவேன்” என்றார் சுடுதண்ணி.

பிக்குணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, விரலை மேலே தூக்கி, பொன் நிறத்தில் ஒரு மாளிகையில் தனியாக உட்கார்ந்திருந்த உருவத்தைக் காட்டினார். “படைச்சேன்னு சொல்றவர் ஒருத்தர் இருக்கார்ணா. அதோ.”

“யாரு?”

“பிரமன். உலகம் ஒரு தடவ அழிஞ்சு திரும்ப உண்டாகிறப்போ, அந்த மாளிகை காலியா இருக்கும். மேல ஒளி உலகத்துல இருந்து ஒருத்தர் ஆயுசு முடிஞ்சு அங்க வந்து பொறப்பார். ரொம்ப நாள் தனியா இருப்பார். போரடிக்கும். யாராவது வந்தா நல்லா இருக்குமேன்னு நினைப்பார். அதே சமயத்துல இன்னும் சில பேருக்கு மேல ஆயுசு முடியும், அவங்களும் வருவாங்க. இவர் என்ன நினைச்சுக்குவார்னா, நான் நினைச்சேன், அவங்க வந்தாங்க, அதனால நான்தான் இவங்களப் படைச்சேன்னு. வந்தவங்களும், நாம வரும்போதே இவர் இருந்தார், அப்போ இவர்தான் நம்மளப் படைச்சிருப்பார்னு...”

“அம்மா!” சுடுதண்ணி ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “இந்த ஆளை எனக்குத் தெரியும்மா! எங்க பில்டிங்ல மொத மாடியில இருக்கான்! மொட்டை மாடிச் சாவி அவன்கிட்டத்தான் இருக்கு!”

“இருங்கண்ணா, இன்னும் முடியல. அவர் கெட்டவர் இல்ல, ஏமாத்தல, நிஜமாவே அப்படி நம்பறார். காரணம்னு சொன்னேன் இல்லயா, அதுல அவங்கவங்க செஞ்சதும்...”

கலர்பொடி சுவரின் இடது மூலையில் எட்டிப் பார்த்தது. சுடுதண்ணி பார்க்கவில்லை. அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வண்டிகள் நிறுத்தும் இடத்தில் சங்கக் கூட்டம். முதல்வீட்டார் நாற்காலியில், மற்றவர்கள் நின்றுகொண்டு. குப்பை, நாய், படி விளக்கு என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோது சுடுதண்ணி நடுவில் வந்து நின்றார். பின்னால் அவர் மனைவி, ‘இன்றைக்கு என்ன நடந்தாலும் நாளைக்கு அக்கா வீடு’ என்ற முகத்தோடு.

“நீங்க இந்தக் கட்டிடத்தைப் படைக்கல!” என்று ஆரம்பித்தார்.

“படைச்சேன்னு யாரு சொன்னா?” என்றார் முதல்வீட்டார், தான் அப்படிச் சொல்லாமல் விட்டது எப்படி என்ற திகைப்போடு.

“நீங்க மொதல்ல வந்தீங்க. அவ்ளோதான்! மேல ஆயுசு முடிஞ்சு இங்க வந்து விழுந்தீங்க!”

“யாருக்குய்யா ஆயுசு முடிஞ்சுது?” முதல்வீட்டாரின் மனைவி பதறினாள்.

“உங்களுக்குப் போரடிச்சுது. நாங்க வந்தோம். உங்களால வரல, எங்க வினையால வந்தோம்! இவரு நிரந்தரம்னு நினைக்காதீங்க, இவரும் எறங்கித்தான் ஆகணும்!”

“மொத மாடியில இருந்து எங்கப்பா எறங்கறது?” என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

“கொலை மிரட்டல்” என்றார் ஒருவர். “கட்சி ஆரம்பிக்கப் போறார்” என்றார் இன்னொருவர். முதல்வீட்டார் எழுந்து நின்று தழுதழுத்தார். “நான் வந்தப்போ இங்க ஒரு ஈ, எறும்பு கிடையாது. உங்களையெல்லாம் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். எனக்கு இதுதான் மரியாதையா?” கூட்டம் அவர் பக்கம் உச்சுக்கொட்டியது. சுடுதண்ணியின் கழுத்து நரம்பு புடைத்தது. பிரபஞ்ச ரகசியத்தைப் போட்டு உடைத்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தபாடில்லை.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது அவர் மனைவி முதல்வீட்டாரின் மனைவியிடம் நகர்ந்து போய், “அக்கா, போர்வையெல்லாம் துவைக்கணும், ஊருக்குப் போறேன். மாடியில காயப்போட்டுக்கட்டுமா?” என்றாள்.

“அதுக்கென்னம்மா, இந்தா” என்று அந்த அம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மூன்று வருடக் கர்ஜனைக்கு வராத சாவி. சுடுதண்ணிக்கு வந்த கோபத்தை எழுத மொழியில் இடமில்லை.

எல்லோரும் மேலே ஏறினார்கள். என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவது என்று கூட்டமே ஏறியது. தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் புறப்பட்டன. பருமனானது கீழ் மாடிகளுக்கு. இன்னொன்று மேல்மாடிக்கு மட்டும். அந்த இரண்டாவது குழாயில், தொட்டியை ஒட்டி ஒரு யூனியன், அதாவது இரண்டு துண்டுக் குழாயைக் கழற்றி மாட்டும்படி பிணைக்கிற திருகு இணைப்பு. சுடுதண்ணி தொட்டிப்பக்கத்து வால்வை அடைத்துவிட்டு, ரென்ச்சை மாட்டி, முதல்வீட்டாரின் கழுத்தை நினைத்துக்கொண்டு திருகினார். யூனியன் வாயைப் பிளந்தது. உள்ளே, குழாயின் வட்டத்துக்குப் பொருத்தமாக வெட்டிய ஒரு நீல ரப்பர் வில்லை. ஓரம் கொஞ்சம் அரித்துப்போய், அந்தச் சந்து வழியாகத்தான் மூன்று வருடமாக நூல்நூலாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

“பாத்தீங்களா! அடைச்சு வச்சிருக்கான்!” என்று இரண்டாம் மாடிக்காரர் கட்சி மாறினார்.

சுடுதண்ணி கத்த வேண்டிய நேரம் அது. அவர் கத்தவில்லை. வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னங்க அது?” என்றாள் மனைவி.

“செருப்பு.”

“யாரு செருப்பு?”

“என்னுது.”

காலியாகக் கிடக்கும் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்த மற்ற பிளம்பர்கள் மூடி வாங்கிப் போடுவார்கள். பழைய ரப்பர் செருப்பின் அடியை வட்டமாக வெட்டி யூனியனுக்குள் செருகிவிடுவது, இந்த உலகத்தில், அல்லது முப்பத்தோரு உலகத்தில், அவர் ஒருவருடைய கைவேலை. மாமாவிடம் கையாளாக இருந்த காலத்தில் ஊரில் எத்தனையோ புதுக் கட்டிடங்கள். எந்த மொட்டை மாடியும் ஒன்றுபோல்தான் இருக்கும். அதில் ஒன்றில், முதலில் குடிவந்த ஒருவர், மேலே யாருமே இல்லையே, குழாய் ஒழுகி என் சுவர் ஊறுகிறது, இப்போதைக்கு அடைத்துவிடு என்றார். இப்போதைக்குத்தானே என்று இவரும் கால் செருப்பைக் கழற்றி வெட்டினார். வெறுங்காலோடு வீடு போனது இப்போது ஞாபகம் வந்தது.

“நீங்கதானே சார் அடைக்கச் சொன்னீங்க!”

“யாரும் இல்லாதப்போ சொன்னேன்.”

“இப்போ இருக்கோமே!”

“அதை நீ வந்து என்கிட்ட சொல்லலையே.”

“மூணு வருஷமா வேற என்ன சொன்னேன்?”

“தண்ணி வரலன்னு சொன்னே. செருப்பு இருக்குன்னு சொன்னியா?” முதல்வீட்டார் கூட்டத்தைப் பார்த்தார். “எனக்கு இதெல்லாம் ஞாபகமே இல்லப்பா. நான் இயற்கைன்னுதான் நினைச்சேன்.” பொய் சொல்லவில்லை. அதுதான் சுடுதண்ணியை மேலும் கொதிக்க வைத்தது. பொய் சொல்கிறவனை அறையலாம். மனதார நம்புகிறவனை என்ன செய்வது? இவருக்கு முன் அந்த மேல்மாடியில் குடியிருந்து, இயற்கை என்று தலையாட்டிவிட்டுக் காலி செய்துபோன நாலைந்து குடும்பங்களை யார் போய்த் தேடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு, வில்லையைச் சட்டைப் பைக்குள் திணித்து, யூனியனை முறுக்கி, வால்வைத் திறந்தார்.

குழாய் ஒரு முறை இருமியது. பிறகு உறுமியது.

தண்ணீர் வராத வீட்டில் யாரும் குழாயை மூடுவதில்லை. வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று திறந்தே போட்டிருப்பார்கள். மேல்மாடியில் சமையலறை, குளியலறை, கைகழுவும் இடம் எல்லாம் திறந்தே கிடந்தன. பெருக்கிப் பெருக்கி ஓரத்தில் ஒதுக்கிய குப்பை தண்ணீர் வெளியேறும் துளையை எப்போதோ அடைத்திருந்தது. உலகம் நெருப்பால் அழியும்போது கீழிருந்து மேலே அழியும் என்று பெரியவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்; இங்கே அழிவு மேலிருந்து கீழே, படிப்படியாக, ஒவ்வொரு வீட்டு வாசலையும் நலம் விசாரித்துக்கொண்டு இறங்கியது. “ஐயோ, என் மிதியடி!” என்று மூன்றாம் மாடியிலிருந்து குரல் வந்த பிறகுதான் மொட்டை மாடியில் நின்றவர்களுக்கு விளங்கியது.

அவர்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது, கூடத்துத் தரையில் கட்டி வைத்திருந்த இரண்டு பைகளும், படுக்கை மூட்டையும், அக்காவுக்கென்று வாங்கிய புடவையும் கணுக்கால் அளவுத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன.

அவள் வாயைத் திறந்தாள். ஆஸ்பத்திரி கவுன்டரில் உட்கார்ந்து பதினைந்து வருடம் மற்றவர்களுடைய கோபத்தை வாங்கி வாங்கி உள்ளே போட்டு வைத்திருந்த பெண். ஒரே வீச்சில் அத்தனையும் வெளியே வந்தது. கணவரில் ஆரம்பித்தாள். செருப்பை வெட்டின கையை, வெட்டச் சொன்ன வாயை, சாவியைப் பெண்டாட்டி இடுப்பில் சொருக விட்டுவிட்டு இயற்கையைப் பற்றிப் பேசிய பெரிய மனிதரை, உச்சுக்கொட்டிய கூட்டத்தை, வராத டாக்டர்களை, நூறு வருடத்துக்கு ஒரு தரம் மட்டும் வந்து துணியால் துடைத்துவிட்டுப் போகிறவனை (அவனைப் பற்றி முந்தின நாள் சாப்பிடும்போது கணவர் சொல்லியிருந்தார்), “அவன் ஒரு நாளு வந்து இந்தத் தரையைத் துடைச்சா என்னவாம்!” என்று சேர்த்துத் திட்டினாள். முதல்வீட்டார் வாசற்படியிலேயே நின்றவர், சாவியைத் திருப்பிக் கேட்க மறந்து இறங்கிப் போனார்.

சுடுதண்ணி துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். பதில் வாய் வரைக்கும் வந்தது, உண்மைதான். காது அதைவிட வேலையாக இருந்தது. இந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலா இவள் மூன்று வருடம் சோறு சாப்பிட்டாள்?

வெயில் சாய்வதற்குள் இருவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்கள். போர்வையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவரும் பிடித்து முறுக்கினார்கள்.

“நம்ம செருப்புனு சொல்லாமலே பைக்குள்ள போட்டிருக்கலாம் இல்ல?” என்றாள். மூச்சு இன்னும் இறங்கவில்லை.

“போட்டிருக்கலாம்.”

“ஏன் போடல?”

“நீ கேட்டே.”

அவள் போர்வையைக் கொடியில் எறிந்தாள். பைத் துணிகளை ஒவ்வொன்றாக உதறினாள். ஒவ்வொரு உதறலும் ஓர் அறை. பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “கீழ எல்லாக் குழாயும் சொட்டுது. மூணு வருஷமாக் காஞ்சு கிடந்த வாஷர். பிளம்பர் வீடுன்னு வெளிய சொல்லிடாதீங்க. நாளைக்குச் சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு வர்றப்போ ஒரு சொட்டு கீழ விழக் கூடாது. விழுந்துச்சு, அப்புறம் தெரியும்.”

எங்கே வர்றப்போ, இங்கேயா, அக்கா வீட்டுக்கா என்று கேட்க அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. வாழ்நாளில் எந்தக் கேள்வியையும் பாதியில் விழுங்காதவர், அதை விழுங்கினார். ரென்ச்சையும் பழைய வாஷர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, ஈரப் படிகளில் கையை ஊன்றி ஊன்றி இறங்கினார்.